நான் கொடுத்த பிஸ்கட்டும் குரக்கன் ரொட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர் நண்பர்களும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களும் நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

போன வருடம் தரம் 3இல் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் வரிசை. பார்ப்பவர்கள் தரம் 1 பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். கேட்டால் "வவுத்து வலி டீச்சர்", இல்லாவிட்டால் "வவுத்தால போச்சு டீச்சர்". வரும் நாட்களிலும் இடைவேளை முடிந்தால் தலையை மேசையில் வைத்துப் படுத்துவிடுவான்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இப்படி ஒரு பிள்ளை தனியாகக் கண்ணில் படாது. 2016இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. முழு நாட்டுக்கும் அது 17 வீதம். வகுப்பில் பத்துப் பேர் கட்டையாக இருக்கும்போது பதினோராவது பிள்ளை ஏன் கட்டை என்று யார் கேட்பது? போசாக்குக் குறைவு, பூச்சி, கவனிப்பில்லை. இந்த மூன்று பதிலும் எங்கள் வாயில் எப்போதும் ரெடி. எனக்கும் அப்படித்தான்.

நான் செய்தது இதுதான். என் அலுமாரியில் ஒரு கிரீம் கிரேக்கர் பக்கெட் வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டு மூன்று பிஸ்கட் கொடுப்பேன். ஆசையாகச் சாப்பிடுவான். கிட்டத்தட்ட ஐந்து மாதம் கொடுத்தேன். அதோடு விடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் தாயைத் தனியாகக் கூப்பிட்டு, "காலையில வயிறு நிறைய ரொட்டி குடுத்து அனுப்புங்க, பிள்ளை பசியிலதான் சுருண்டு போறான்" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க டீச்சர்" என்றார்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரத்தம் மிகக் குறைவு என்றார்கள். அதற்கு முன்பும் மாதக்கணக்கில் இரும்புச் சத்து மருந்து குடித்திருக்கிறான், ஏறவில்லை. இந்த முறை பார்த்த பிள்ளை வைத்தியர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மருந்து கொடுத்தும் ஏன் ஏறவில்லை? ஒரு விசேட இரத்தப் பரிசோதனை, பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலில் இருந்து சின்னத் துண்டு எடுத்து ஒரு பரிசோதனை. முடிவு வந்தது. சீலியாக் நோய்.

நானும் அப்போதுதான் அதைப் படித்தேன். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டி மாவைப் பிசையும்போது இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் அவருடைய உடம்பே அவருடைய சிறுகுடலைத் தாக்குகிறது. குடலின் உள்பக்கம் துவாலைத் துணி போல் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து மட்டமாகிவிடும். பிறகு என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. தொற்று நோய் இல்லை, பூச்சி இல்லை, செய்வினை இல்லை. உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது. இதைக் குணமாக்க மாத்திரை இல்லை. அந்த மூன்று தானியத்தையும் வாழ்நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். விட்டால் குடல் மெல்ல மெல்லத் தேறும்.

கிரீம் கிரேக்கர் முழுக்கக் கோதுமை. நான் அன்பென்று நினைத்து ஐந்து மாதம் கொடுத்தது அவனுடைய குடலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "வயிறு நிறைய ரொட்டி குடுங்க" என்று சொன்னதும் நான்தான். தெரியாமல் செய்தது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான். ஆனாலும் அந்த அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு தாய் பாடசாலைக்கு வந்தார். பெரட்டுக்குப் போகாமல் அரை நாள் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், டொக்டரு கோதும மாவே ஆகாதுன்னுட்டாரு. வாழ்க்க பூரா. அப்ப நாங்க காலையில எதத்தான் குடுக்குறது?"

சோறு கொடுங்கள் என்று நான் உடனே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சோறு குடுக்கலாம் டீச்சர். நா அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். ஏழு மணிக்குள்ள மலைக்கு நிக்கணும். சோறு வடிச்சு, கறி வச்சு, பொதி கட்டி... ரொட்டின்னா மாவப் பெசஞ்சு அஞ்ச சுட்டா எல்லாருக்கும் ஆச்சு. ஒரு சம்பல் போதும். மத்தியானம் வரைக்கும் கெடாது. கையில வச்சே தின்னுக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லயத்து வீட்டில் ரொட்டி பழக்கத்துக்காக மட்டும் சுடப்படுவதில்லை, அது ஒரு வேலையைச் செய்கிறது. சீக்கிரம் ஆகவேண்டும், கறி இல்லாமலும் இறங்கவேண்டும், பையில் கிடந்து காயாமல் கெடாமல் இருக்கவேண்டும், மத்தியானம் வரை பசி தாங்கவேண்டும், விலையும் கட்டுப்படியாகவேண்டும். "கோதுமையை விடுங்கள்" என்று சொல்வது சுலபம். இந்த ஐந்து வேலையையும் செய்யும் வேறொன்றைக் கையில் கொடுக்காதவரை அது வெறும் சொல்தான்.

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. சாப்பிடக்கூடியவை என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். அரிசி, சோளம் எல்லாம் இருந்தது. கூடவே கினோவா, பக்வீட் என்று மடுல்சீமை பஜாரில் யாரும் கேள்விப்படாத பெயர்களும் இருந்தன. பக்கத்தில் இருந்த எங்கள் ஆசிரியை ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதென்ன, வீட் ஆகாதெண்டு சொல்லிட்டு பக்வீட் சாப்பிடச் சொல்லி இருக்கு? வீட்டெண்டா கோதுமைதானே?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் என் தம்பிக்கு அன்றிரவு வட்ஸ்அப்பில் கேட்டேன். சிரித்துவிட்டான். "ராத்தா, நாங்க இங்க தினமும் சாப்பிடுறது அதுதான். கிரெச்கா எண்டு சொல்லுவாங்க. பேர்லதான் வீட் இருக்கு. கோதுமைக்கு அது தூரத்துச் சொந்தம் கூட இல்ல" என்றான். உண்மையில் அது புல் வகையே இல்லையாம். சுக்கான் கீரைக் குடும்பத்துச் செடி. மூன்று மூலையுள்ள சின்ன விதை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குத் தானியம் தள்ளி வைப்பவர்கள், இது தானியமில்லை என்பதால் குட்டு என்ற பெயரில் இதன் மாவில் பூரி சுடுகிறார்கள். ஜப்பானில் சோபா நூடுல்ஸ் இதில்தான் செய்வார்கள், ஆனால் அதில் பெரும்பாலும் கோதுமையும் சேர்ப்பார்கள் என்பதால் அது சீலியாக்காரர்களுக்குப் பாதுகாப்பில்லை. ரஷ்யாவில் விற்பது பெரும்பாலும் வறுத்தது. வறுக்காதது இளம் பச்சை, வறுத்தது கபில நிறம்.

ஆறு வாரம் கழித்து லீவில் வந்தவன் நான்கு பக்கெட் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் 900 கிராம். பக்கெட்டில் வேறு தானியம் கலக்கவில்லை என்பதையும் பார்த்து வாங்கியிருந்தான்.

முதல் முறை நான் அதைச் சோறு மாதிரி நிறையத் தண்ணீர் வைத்து, அடிக்கடி கிளறி வேகவைத்தேன். களியாகிவிட்டது. தம்பி குசினிக்குள் வந்து எட்டிப்பார்த்து, "வடிக்கவும் வாணாம், கிண்டவும் வாணாம் ராத்தா" என்றான். ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர், உப்பு. கொதித்ததும் நெருப்பைக் குறைத்து மூடிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு பொலபொலவென்று வந்துவிடும். இறக்கிவைத்துப் பத்து நிமிடம் மூடியபடியே விட வேண்டும். ரஷ்யாவில் பட்டர் போட்டுச் சாப்பிடுவார்களாம். நான் தேங்காயெண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துப் பிரட்டினேன். பருப்புக் கறியோடும் பொருந்தும்.

அதை ஒரு டப்பாவில் போட்டுப் பையனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான். "கச்சான் வறுக்குற வாசம் அடிக்குது டீச்சர்" என்றான். முழுதையும் சாப்பிட்டான். அன்று இடைவேளைக்குப் பிறகு அவன் தலை மேசைக்குப் போகவில்லை. கோதுமையை நிறுத்திக் கொஞ்ச நாள் ஆகியிருந்ததால்தான் அது, பக்வீட்டின் மாயம் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குச் சந்தோசம்.

மூன்று பக்கெட்டைத் தாயிடம் கொடுத்தேன். கொஞ்சத்தை அவர் அம்மியில் பொடித்து ரொட்டிகூடத் தட்டிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முடிந்தது. கொழும்பில் பெரிய சுப்பர் மார்க்கட்டில் கிடைக்கும் என்று ஒரு சிநேகிதி விலையைப் படம்பிடித்து அனுப்பினார். அதைப் பார்த்த பிறகு தாயிடம் காட்டவே இல்லை.

இந்த இடத்தில்தான் என் உம்மா வருகிறார்.

கடைசிப் பக்கெட்டை நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது உம்மா குசினி வாசலில் நின்று, "என்னடி, குரக்கன் வறுக்கிறியா?" என்றார். இல்லை உம்மா, இது ரஷ்யாவில் இருந்து வந்தது என்றேன். "எங்கிருந்து வந்தா என்ன, வாசம் குரக்கன் வாசம்தானே. அந்தப் பிள்ளைக்குக் குரக்கன் ஆகாதா?"

ஆகும். குரக்கனில் குளுட்டன் இல்லை. ஆஸ்பத்திரித் தாளிலும் அது இருந்தது. ஆங்கிலத்தில் விரல் தினை என்ற பொருளில் எழுதியிருந்ததால் நான் அதை ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்று தாண்டிப் போயிருந்தேன். கலாசாலையில் போசாக்குப் பாடத்தில், நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள்தான் நான். பரீட்சைத்தாளில் இருந்த குரக்கன் எனக்குச் சட்டியில் ஞாபகம் வரவில்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு விசயம். மடுல்சீமையில் 'மினி வேர்ல்ட்ஸ் எண்ட்' என்று ஒரு மலை விளிம்பு இருக்கிறது. இப்போது கூடாரம் போட்டுத் தங்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மலை அப்படியே அறுந்து கீழே சமவெளி விரியும். அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் வெல்லஸ்ஸ. பிபிலை, மொனராகலைப் பக்கத்துச் சேனைகளில் தலைமுறை தலைமுறையாகக் குரக்கன் விதைத்த மண். மேலே நாங்கள் கப்பலில் வந்த மாவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறோம், எங்களுக்கு நேர் கீழே குரக்கன் விளைந்துகொண்டிருக்கிறது.

இந்த மா எப்படி எங்கள் சாப்பாடானது? தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில் துரைமார் அளந்து கொடுத்தது அரிசி. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. பிறகு அமெரிக்க உதவியாக வந்த மா. எங்கள் பெரியவர்களில் சிலர் இன்றும் அதை அமெரிக்கன் மா என்பார்கள். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை வந்த பிறகு கோதுமை கப்பலில் வந்து இங்கேயே அரைபட்டது. இந்த நாட்டில் கோதுமை விளைவதே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் காலையில் எங்கள் லயங்களில் எழும் வாசம் கோதுமை வாசம்தான்.

குரக்கனை மறந்ததற்கு வேறொரு காரணத்தை உம்மா சொன்னார். 1973, 74இல் அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. மூத்தாப்பா பஜாரில் கடை வைத்திருந்தார். அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்த காலம். "கடை வாசல்ல வந்து நிப்பாங்க. குடுக்க ஒண்ணும் இல்ல. மரவள்ளி, குரக்கன், கீரை, இதத்தான் நாங்களும் தின்டோம், அவங்களும் தின்டாங்க. அதுக்குப் பொறகு மா தாராளமா வந்தப்ப, குரக்கனைக் கண்டாலே ஆக்களுக்கு அந்தப் பஞ்சம் ஞாபகம் வந்திடும்." இப்போது குரக்கன் என்றால் ஒன்றில் பஞ்சத்துச் சாப்பாடு, இல்லாவிட்டால் சீனி வருத்தக்காரர் சாப்பாடு. பிள்ளைக்குக் கொடுக்கும் சாப்பாடு என்று யாரும் நினைப்பதில்லை.

உம்மா சொன்னதைத் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று நிறுத்தி, "டீச்சர், ஒன்னு சொல்லவா" என்றார்.

"ரெண்டாயிரத்து இருவத்திரெண்டுல மாவு வெல ஏறுச்சே. முந்நூறு ரூவாயத் தாண்டுச்சு. எங்களால வாங்க ஏலல. மரவள்ளியும் பலாக்காயுமாத்தான் ஓட்டுனோம். மத்த புள்ளைக எல்லாம் காஞ்சு போச்சுங்க. இவன் மட்டும் அப்ப நல்லா இருந்தான். வவுத்தால போகல. நா சாமி புண்ணியம்னு நெனச்சேன். மாவு வெல எறங்குன பொறகு மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இதே கதையை நான் அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர். சீலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணமோ என்று அவருக்கு ஏற்கனவே ஒரு சந்தேகம். இரண்டாம் உலகப் போர் முடியும் கட்டத்தில், 1944-45 குளிர்காலத்தில், அங்கே கடும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை. நாடே பட்டினி கிடந்தபோது அவருடைய சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. அதை வைத்து ஆராய்ந்து 1950இல் தன் ஆய்வை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்குச் சொல்லும் உணவு முறை அதிலிருந்து வந்ததுதான்.

டிக்கே கண்டதைத்தான் இந்தத் தாயும் ஒரு லயக்காம்பராவுக்குள் கண்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. நான் கேட்டது "என்ன சாப்பிட்டான்" என்று மட்டும். "எப்போது நன்றாக இருந்தான்" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, குரக்கனுக்கு வருகிறேன். பசறைச் சந்தையில் முழுக் குரக்கன் வாங்கினேன். விற்ற சிங்கள அம்மாவிடம் எப்படி வறுப்பது என்று கேட்டேன். "ஹீன் கின்தர" என்றார். மெல்லிய நெருப்பு. அதுதான் பாதி வித்தை.

குரக்கனில் கல்லும் மண்ணும் இருக்கும். அரித்து, நாலைந்து தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். மடுல்சீமை மழையில் அதற்கே மூன்று நாள் போய்விடும். பிறகு மண்சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மெல்லிய நெருப்பில், கை எடுக்காமல் வறுக்க வேண்டும். ஒன்றிரண்டு விதை பொரியும், வாசம் எழும். அதோடு இறக்கிவிட வேண்டும். கருகினால் கசக்கும். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசி மாவை வறுத்து வைக்கும் நமக்கு இது புதிய வேலை இல்லை. வறுத்தால் பச்சை வாசம் போகும், மா நாள் தாங்கும்.

என் முதல் ரொட்டி பலகை. கோதுமைக்குப் பிடிப்புக் கொடுக்கும் குளுட்டன் இதில் இல்லையே. பச்சைத் தண்ணீரில் பிசைந்து தட்டினால் விளிம்பெல்லாம் வெடிக்கும், சுட்டு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். தாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத மலைக்குக் கொண்டு போனா கொழுந்துக் கூடைக்கு முட்டுக் குடுக்கலாம் டீச்சர்" என்றார்.

வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். அவித்த மரவள்ளி. அவர் சுடும் முறையை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

வறுத்து அரைத்த குரக்கன் மா இரண்டு கோப்பை. தேங்காய்ப்பூ ஒரு கோப்பை. அவித்து, நார் எடுத்து, கட்டியில்லாமல் மசித்த மரவள்ளி அரைக் கோப்பை. உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, மூடிப் பத்து நிமிடம் விடுவது. கை பொறுக்கும் சூடு வந்ததும் நன்றாகப் பிசைவது. எண்ணெய் தடவிய வாழை இலையில் உள்ளங்கை அளவுக்குத் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலையை உரித்து எடுப்பது. முதல் பக்கம் மூடி வைத்து வேகவைப்பது. சுட்டதும் துணியில் சுற்றி வைத்தால் மத்தியானம் வரை மெதுவாக இருக்கும். மரவள்ளியை முதல்நாள் இரவே அவித்து மசித்து வைத்துக்கொண்டால் காலையில் கோதுமை ரொட்டியைவிடப் பத்து நிமிடம்தான் கூட. மரவள்ளி இல்லாத நாளில் வத்தாளை. அதுவும் பிடிக்கும், கொஞ்சம் இனிப்பு, பையனுக்கு அதுதான் விருப்பம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது மூன்றாம் மாதம் மறுபடியும் வயிறு. நான்கு நாள் வரவில்லை. என்ன சாப்பிட்டான் என்று தேடினால், ஒரு வேலை நாளில் தாய்க்கு நேரமில்லாமல் கடையில் 'குரக்கன் ரொட்டி' வாங்கிக் கொடுத்திருக்கிறார். கேட்டுப் பார்த்தோம். பாதிக்குப் பாதி கோதுமை மா. இழுபடுவதற்காகப் போடுவார்களாம். அவர்கள் ஏமாற்றவில்லை, பொதுவாக எல்லோரும் சுடும் முறை அதுதான். ஆனால் இவனுக்கு அது விசம்.

அன்றிலிருந்து நானும் தாயும் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தோம், மா எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று. கடை இடியப்பத்தில் கோதுமை மா இருக்கலாம். நம் நாட்டில் தோசை மாவிலும் பல வீடுகளில் கோதுமை மா சேர்ப்பார்கள். தீபாவளி முறுக்கை அவித்த கோதுமை மாவில் பிழிபவர்கள் நிறைய. ரசத்துக்குப் போடும் கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். சோயா சோஸில் கோதுமை. மோல்ட் சேர்த்த பால் மாக்களில் பார்லி. மில்லில் சத்துமாவுக்கென்று கோதுமையும் பார்லியும் கலந்து அரைக்கக் கொண்டுவருபவர்கள் உண்டு, அதனால் குரக்கனைக் காலையில் அரிசிக்குப் பிறகு முதலாவதாக அரைத்துத் தரும்படி மில்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். கோதுமை ரொட்டி சுட்ட கல்லில் இவனுடையதைச் சுடக்கூடாது. அவனுக்கென்று ஒரு சின்னக் கல் வாங்கி, பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். தங்கை அதைத் தொட்டால் சண்டை.

எங்கள் வீட்டிலேயே ஒரு தடுமாற்றம் வந்தது. மாமி, "பார்லித் தண்ணி குடுங்க, வயித்துக்குக் குளிர்ச்சி" என்றார். நோயாளிக்குத் தல்பீனா, அதாவது பார்லிக் கஞ்சி, நல்லது என்று ஹதீஸில் இருக்கிறதே என்றும் சொன்னார். எல்லா நோயாளிக்கும் ஒரே சாப்பாடு என்று மார்க்கம் சொல்லவில்லை மாமி, உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்த பிறகு விலகுவதும் மார்க்கம்தான் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார். நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியில் அரிசிதானே என்று அவரே விசாரித்து வந்து சொன்னார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. பணிஸைப் பிய்த்துக் கொடுப்பது அவர்களுக்கு அன்பு, எனக்குக் கிரீம் கிரேக்கர் மாதிரி. "அவனுக்குப் பாண், பணிஸ், பிஸ்கட், கேக் எதுவும் கூடாது. அது ஒட்டுற வருத்தமில்ல. அவன் பக்கத்துல இருந்து சாப்பிடலாம், கை கழுவிட்டு விளையாடலாம்" என்று சொன்னேன். இப்போது வகுப்பே காவல். பிறந்தநாளுக்குக் கேக் வந்தால் நான்கு பேர் ஒரே நேரத்தில் "டீச்சர், அவனுக்குக் கூடாது" என்பார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம் என்று தெரிந்ததால், இப்போது பிறந்தநாளுக்குக் கேக்குக்குப் பதில் கச்சான் உருண்டையோ பழமோ கொண்டுவரச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒன்றே. பாடசாலையில் தரும் சோறு அவனுக்குப் பிரச்சினையே இல்லை.

பெருநாளுக்கு வட்டலப்பம் கொண்டுபோனேன். முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய், கஜு. டப்பாவைக் கையில் வாங்கி, "டீச்சர், இதுல மாவு இருக்கா?" என்று கேட்டான். எட்டு வயதுப் பிள்ளை. ஒரு இனிப்பைக் கண்டதும் முதலில் கேட்ட கேள்வி அது. இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் சிரித்தான்.

இப்போது தரம் 4. ஒன்பது மாதத்தில் மூன்று கிலோ கூடியிருக்கிறான். இரத்தம் ஏறியிருக்கிறது. வரவுப் பதிவில் சிவப்புப் புள்ளி குறைந்திருக்கிறது. உயரம் இன்னும் கட்டைதான், டொக்டர் பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குரக்கன் நிறத்துச் சால்வையை அரசியல் அடையாளமாக்கிய நாட்டில் குரக்கன் மா கோதுமை மாவைவிட விலை. ஒரு பிள்ளைக்கு வாங்கலாம், முழு வீட்டுக்கும் வாங்க முடியாது. அதனால் ஒரே அடுப்பில் இரண்டு கல், இரண்டு மா. அந்தத் தாய் ஐந்து மணிக்குப் பதிலாக நாலரைக்கு எழும்புகிறார். அந்த அரை மணித்தியாலத்தை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

நான் வைத்தியர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் தானாகக் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். முக்கியமாக, பரிசோதனைக்கு முன்பு நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையிலும் குடல் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம். முதலில் டொக்டரிடம் போங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் வயிறு ஊதி, வெளிறி, அடிக்கடி வயிற்றால் போய், இரும்புச் சத்து மருந்துக்கும் தேறாத ஒரு பிள்ளை இருந்தால், எல்லாப் பிள்ளையும் இங்கே இப்படித்தானே என்று கடந்து போகாதீர்கள். நான் ஐந்து மாதம் கடந்து போனேன், கையில் பிஸ்கட்டோடு. தாயிடம் கேளுங்கள். எப்போது நன்றாக இருந்தான் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

தம்பி அடுத்த லீவுக்கு வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டிருந்தான். தாயிடம் சொன்னேன்.

"அந்த ரஷ்யா அரிசி கெடச்சா சந்தோசம் டீச்சர், இவனுக்கு ஆச. கெடைக்காட்டியும் பரவால்ல. குரக்கன் இருக்கு."

பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள்.